வேலியைத் தொடாதவள்

மறுபடியும் வந்து நின்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம். கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால்.

மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினியின் யன்னல் திரையை அவன் விரலளவு விலக்கினான். சிட்னிக்கு வந்து இத்தனை வருடமாகியும், வேலியோரம் ஓர் ஆள் நின்றால் அவன் யன்னலை விட்டு அசையமாட்டான். யாழ்ப்பாணத்தான். வேலி ஒரு சாண் நகர்ந்ததற்காக அண்ணனும் தம்பியும் கோர்ட்டுப் படி தேய்த்த ஊர்.

படம் எடுக்கவில்லை. அளந்து பார்க்கவில்லை. சும்மா நிற்கிறாள்.

சும்மா நிற்கிறவர்களை நம்பவே கூடாது.

வேலியைத் தொடவுமில்லை. கைரேகை விழும் என்று பயம் போல. தேர்ந்த ஆள்தான்.

முதலில் நகரசபை ஆள் என்று நினைத்தான். பின்வளவில் அனுமதி எடுக்காமல் கட்டிய கொட்டில் நிற்கிறது. ஆனால் அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தையே பார்த்தாள். உடம்பில் ஆளுயர வடுவோடு நிற்கும் கிழட்டு யூக்கலிப்டஸ். ஏதோ நோய். அதை வெட்டித் தறிக்க நாளைக்கு ஆள் வருகிறது.

“மரத்தைத்தானேப்பா பாக்கிறா. பாத்திட்டுப் போகட்டும்,” என்றாள் மனைவி.

“இண்டைக்கு மரத்தைப் பாப்பா. நாளைக்கு வேர் ஓடின இடமெல்லாம் தன்ர எண்டுவா.”

சாரத்தைக் கழற்றிக் காற்சட்டை மாட்டினான். ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கச் சாரம் தோதுப்படாது.

சண்டைக்கு அவள் இடம் வைக்கவில்லை. தான் இந்த மண்ணின் பூர்வகுடி என்றாள். அந்த வடு நோயில்லை என்றாள். அவளுடைய ஆட்கள் தோணி செய்யப் பட்டை உரித்தெடுத்த இடம்.

பிறகு கேட்டாள்.

“உள்ளே வந்து ஒருதரம் தொட்டுப் பார்க்கலாமா? எவ்வளவு நேரம் விடுவீர்கள்?”



அந்தக் கேள்வி அவனுடையது.

கடைசியாக ஊருக்குப் போனபோது, ராணுவம் பிடித்து வைத்திருந்த சொந்த வளவுக்கு வெளியே நின்று, ஒரு சிப்பாயிடம் கேட்டது. சிப்பாய் முள்ளுக்கம்பியைத் தொடாதே என்று மட்டும் துவக்கால் காட்டினான்.

அன்றைக்கு அவனும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் தன் மாமரத்தைப் பார்த்தான்.

வேலிப் படலையைத் திறந்தான். பூட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டான்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

“தேத்தண்ணி போடுமப்பா,” என்று குசினிப் பக்கம் குரல் கொடுத்தான். “வீட்டுக்காரர் வந்திருக்கினம்.”

“ஆர், வீட்டுக்கடன் தந்த பாங்க்காரரோ?”

அவனுக்குக் கேட்கவில்லை. மரம் தறிக்கிறவனின் இலக்கத்தைப் போனில் தேடிக்கொண்டிருந்தான்.

ஒரு கண் மட்டும் கொட்டில் பக்கம்.