முளை விடாத கிழங்குகள்

விலங்குகளைக் கூண்டில் அடைக்கக் கூடாது என்று எல்லாக் காடுகளும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில் நரிநாடும் கையெழுத்துப் போட்டது. மறுநாளே, முயல்கள் இனிமேல் கிழங்கு என்று ஓர் அரசாணை வந்தது. கூண்டுகள் அப்படியே இருந்தன.

மூன்று மாதம் கழித்து, ஒப்பந்தப்படி நடக்கிறதா என்று சோதிக்க நாரை வந்தது. மொட்டைவால் முயல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாங்க முயலுங்கம்மா!" என்று கத்தியது.

"கிழங்கு எங்கேயாவது பேசுமா? அது காத்துச் சத்தம்மா," என்று நரி மந்திரி ஆணையை நீட்டினார்.

நாரை ஒரு வரி விடாமல் படித்தது. ஓட்டை ஏதும் இல்லை.

"சரி, கிழங்கை ஏன் வெளியே போட்டிருக்கீங்க? முளை விட்டுடாதா? மண்ணுல புதைச்சு வைங்க. அப்புறம்தான் சோதனை அறிக்கையில கையெழுத்து," என்றது நாரை.

கையெழுத்து வேண்டுமே என்று மந்திரி கூண்டுகளைத் திறந்தார். சேவகர்கள் முயல்களைக் குழியில் இறக்கி மண்ணைத் தள்ளினார்கள். முயலுக்குத் தோண்டச் சொல்லித்தர வேண்டுமா? மொட்டைவால் முன்னே தோண்ட, மற்றவை பின்னாலேயே வந்தன. எல்லைக்கு அப்பால் அவை தலையை நீட்டியபோது மந்திரியின் அலறல் கேட்டது.

"ஐயோ, முயலெல்லாம் ஓடிப்போச்சு!"

"எந்த முயல்?" என்று நாரை ஆணையைப் புரட்டியது. "கிழங்கு எங்கேயாவது ஓடுமா?"