மஞ்சள் புள்ளிகள்

“யாருக்குக் கெடச்சா என்ன? சம்பளம் ஒரே வீட்டுக்குத்தானே வரும்?”

“அப்போ நீங்க போடாதீங்க.”

“ஏன், தோத்துப் போயிருவேன்னு பயமா இருக்கா, ஆதிரை அம்மா?”

ஒரே பேராசிரியர் பதவிக்கு இருவரும் விண்ணப்பித்த அன்று, இன்னொரு இட்லிக்குத் தட்டை நீட்டியபடி கணவன் கேட்டது அது. அவளும் சிரித்துவிட்டாள்.

இன்று அவன் மேடையில் நிற்கிறான்.

காலையில் அவன் உரை. சாப்பாட்டுக்குப் பிறகு அவளுடையது. தேர்வுக் குழு முன்வரிசையில் இருக்கிறது. அவள் பின்னால், ஜன்னலோரம்.

திரையில் முத்துப்பேட்டை. செயற்கைக்கோள் அகச்சிவப்பில் எடுத்த படம். அதில் அலையாத்திக் காடு பச்சையாக இல்லை. சிவப்பாகப் படர்ந்திருக்கிறது.

“அலையாத்தியும் சீமைக்கருவேலமும் மேலேருந்து பார்த்தா ஒரே சிவப்பு. கீழ இறங்கிப் போனாத்தான் எது எதுன்னு தெரியும்.”

அடுத்த படம். சிவப்பின் மேல் மஞ்சள் புள்ளிகள்.

“இதெல்லாம் என்னோட கள ஆய்வு.”

எவ்வளவு இயல்பாகச் சொல்கிறான். என் வீடு, என் பொண்ணு என்பதுபோல.

கழிமுகத்தில் இருக்கும் அந்தப் புள்ளியில்தான் சேறு அவள் செருப்பை விழுங்கியது. அதன் பக்கத்துப் புள்ளிக்கு வெறுங்காலோடு போனாள்.

அந்த நாட்களில் அவன் கணினி முன்னால் இருந்தான். ஆதிரைக்கு இரட்டைச் சடை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியதும் அவன்தான்.

அந்தச் சடையைத் தான் பின்னியதாக அவள் எங்கேயும் சொன்னதில்லை.

அவன் பேரில் ஆய்வுக்கட்டுரை வெளிவந்தபோதே கேட்டிருக்க வேண்டும். ‘உதவிய அனைவருக்கும் நன்றி’ என்று முடிந்திருந்தது. அந்த அனைவரில் படகோட்டி இருந்தார். அவளும் இருந்தாள்.

அன்று கேசரி கிளறினாள்.

மதியம் அவள் காட்டப்போவதும் இதே புள்ளிகளைத்தான். புருஷன் செய்ததை எடுத்துப் பேசுகிறாள் என்பார்கள்.

“வேற கேள்வி இருக்கா?” குழுத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

அவள் கையைத் தூக்குகிறாள்.

அவன் பார்த்துவிட்டான். வீட்டில் சிரிக்கும் அதே சிரிப்பு.

“கேளுங்க, மேடம்.”

முன்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். மைக் கைமாறிக் கைமாறி அவளிடம் வருகிறது.

கல்யாணமான நாளிலிருந்து ‘இந்தா’, ‘ஆதிரை அம்மா’. இப்போது ‘மேடம்’.

அவள் எழுந்து நிற்கிறாள்.

“அந்தப் புள்ளிக்கெல்லாம் நடந்து போனது நான்.”

மைக்கில் அவள் மூச்சு கேட்கிறது.

“என் பேரைச் சொல்லுங்க.”