நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு

"கேமராவுல என்ன செஞ்சிட்டு வந்தீங்க? உண்மையச் சொல்லுங்க."

ஐந்தருவிக்குப் போகிற சாலையில், ஒரு பழக்கடை முன்னால் நின்று ஷஹானா கேட்டாள். சாரலில் தொப்பலாக நனைந்திருந்தாள். இருந்த கோபத்தில் அது உறைக்கவே இல்லை.

மங்குஸ்தான் நிறுத்துக்கொண்டிருந்த முத்துலட்சுமி, வாங்க வந்தவரை அனுப்பிவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"வந்ததும் வராததுமா என்ன மேடம் இப்படிக் கேக்குதீங்க? வேலைய விட்டு நிப்பாட்டுன பொறவு எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் என்ன இருக்கு?"

முத்துலட்சுமி தென்காசிப் பக்கம் ஓட்டுக் கம்பெனி ஒன்றில், விரிசல் விட்ட கூரை ஓடுகளைக் கழிக்கும் வேலை பார்த்தவள். அந்த வேலைக்கு ஷஹானாவின் கேமரா வந்து சேர்ந்தது. அவள் கையும் கேமராவும் ஒரு மாதம் சேர்ந்து ஓடின. போன மாதம் முத்துலட்சுமியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அதான் கேக்கேன். நீங்க பாத்து விட்ட ஓட்டத்தான் பெல்ட்டுல அடுத்தாப்ல என் கேமராவும் பாத்துச்சு. நூத்துக்குத் தொண்ணூத்தெட்டு சரியாப் பிடிச்சுது. நீங்க நின்ன மறுநாள்ல இருந்து ஒண்ணையும் பிடிக்கல. கேரளாவுக்குப் போன ரெண்டு லோடு விரிசல்னு திரும்பி வந்திருக்கு. இது தானா நடக்குமா?"

"எனக்கு என்ன தெரியும்? படிச்சவுக நீங்க."

ஷஹானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மெக்கானிக்கல் எடுத்தபோதே, 'பொம்பளப் பிள்ளைக்கு ஸ்பானர் எதுக்கு' என்று சிரித்த ஊர் இது. ஒரகடத்தில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஆறு வருடம் ஷிஃப்ட் பார்த்தாள். இயந்திரத்துக்குக் கண் கொடுக்கிற செயற்கை நுண்ணறிவை அங்கேதான் தட்டுத்தடுமாறிப் பழகினாள். போன வருடம் கை நிறையச் சம்பளத்தை உதறிவிட்டு, நம்ம ஊர்த் தொழிலுக்கும் இது வரட்டுமே என்று வந்தால், கிடைத்த மரியாதை இதுதானா?

"முதலாளி வல்லிநாயகம் அண்ணாச்சி திங்கக்கிழம கேமராவக் கழட்டுதேன்னுட்டாரு. அது தெரிஞ்சா ஆலங்குளம், கடையம்னு வரச் சொல்லியிருக்க அஞ்சு கம்பெனியும் கதவச் சாத்திருவாங்க. என் ஏழு வருசப் பாடு. உங்க வயித்தெரிச்சலுக்கு நாந்தான் கெடச்சேனா?"

"வயித்தெரிச்சல் இல்லாமயா இருக்கும்?" முத்துலட்சுமி தராசை டொக்கென்று வைத்தாள். "பதினோரு வருசம். நான் சரின்னு விட்ட ஓடு ஒண்ணு திரும்பி வந்ததுன்னு யாரையாவது சொல்லச் சொல்லுங்க. போன்னு சொன்ன அன்னைக்கு அண்ணாச்சி என் முகத்தக்கூடப் பாக்கல. நீங்களும் ஒரு மாசம் பக்கத்துலயே நின்னீங்க, எப்படிக் கழிக்கேன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா? ஆனா ஒண்ணு. அடுத்தவ பொழப்புல மண்ணள்ளிப் போடுத புத்தி எனக்குக் கெடையாது."

"பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல." ஷஹானா செல்போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லாப் பாருங்க. நீங்க கழிச்சுப் போட்ட ஆயிரத்து இருநூறு ஓட்டப் படம் எடுத்து இதுக்குக் கத்துக்கொடுத்தேன். இது, இது, இந்தா இது, எல்லாம் என் கேமரா தானாக் கண்டுபிடிச்சது. அப்பத் தெரிஞ்ச விரிசல் இப்ப மட்டும் ஏன் தெரியல? நீங்க ஏதோ செஞ்சுதான இருக்கணும்?"

முத்துலட்சுமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை வாங்கினாள். ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கோபம் போய்க் குழப்பம் வந்தது.

"இதுல விரிசல் எங்கன மேடம் தெரியுது? அது முடி கனம்கூட இருக்காது, எனக்கே கண்ணுக்குத் தெரியாது. ஓட்ட விரலால தட்டுவேன். சத்தம் கணீர்னு வராம அமுங்கிக் கேட்டா, மூலையில சாக்பீஸால சின்னதா ஒரு பொட்டு வச்சு விடுவேன். உங்க படம் எல்லாத்துலயும் அந்தப் பொட்டுல்லா தெரியுது. நான் நின்ன பொறவு பொட்டு வைக்க அங்கன யாரு இருக்கா?"