தப்பான டிசைன்

"இந்த டிசைனை யார் போட்டது?"

மேனேஜர் குரல் சாலிடரிங் ஹால் முழுக்கக் கேட்டது. அவருக்குப் பட்டப்பெயர் 'மீட்டர்'. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

"நான்தான் சார்" என்றாள் புது இன்ஜினியர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

"டெஸ்ட் பெஞ்சுக்குப் பன்னிரண்டு வோல்ட் சப்ளை கேட்டேன். ஷண்ட் ரெகுலேட்டர் வெச்சிருக்கே. போர்டை மாட்டினாலும் மாட்டாட்டியும் முழுக் கரண்டையும் இழுத்து, மிச்சத்தைச் சூடாக்கித் தள்ளுது. சீரிஸ் ரெகுலேட்டர் போட்டிருந்தா வேணுங்கறதை மட்டும் எடுக்குமில்ல? காலேஜ்ல என்னதான் சொல்லித் தந்தாங்க?"

"அதையும் போட்டுப் பார்த்தேன் சார். வோல்ட் ஒரு இடத்துல நிக்கல. ஆடுது."

"எங்க, அந்த சர்க்யூட்டைக் கொண்டா."

கொண்டுவந்தாள். மீட்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"அவுட்புட்ல கெபாசிட்டரே இல்ல. கழட்டின தடம் பளபளன்னு தெரியுது. இதைக் கழட்டினா ஆடாம என்ன செய்யும்? யார் கழட்டினது?"

அவள் சர்க்யூட்டை வாங்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

முதல் வரிசையில் இருந்த மூத்த சாலிடர்க்கார அக்கா சூடான சாலிடர் இரும்பைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணை விட்டுடுங்க சார். இந்தக் குளிர்ல விரல் மரத்துப் போய் எங்களால ஒரு கம்பியைப் பிடிக்க முடியல. ஹீட்டர் கேட்டா, கோட்டு போட்டுக்கங்கன்னாங்க. கோட்டுக்குள்ள கையை வெச்சுக்கிட்டு சாலிடர் வைக்கறது எப்படின்னு யாரும் சொல்லல. இந்தப் பெஞ்சு வந்த பிறகுதான் ஹால்ல கொஞ்சம் உசிர் வந்திருக்கு."

"ஓகோ" என்றார் மீட்டர். "இதுக்குப் பேர் டெஸ்ட் பெஞ்சா, அடுப்பா?"

சங்கச் செயலாளர் எழுந்தார். எதற்கெடுத்தாலும் நோட்டீஸ் அடிப்பதால் அவர் 'நோட்டீஸ் அண்ணன்'. ஹீட்டர் கேட்டு அவர் அடித்த நோட்டீஸின் மேல்தான் முதலாளி காபிக் கோப்பையை வைக்கிறார்.

"பார்த்துக்கங்க தோழர்களே" என்று ஆரம்பித்தார். "உழைக்கிறவன் விறைச்சுச் சாகலாம், கரண்ட் மட்டும் வீணாகக் கூடாது. முதலாளி விசுவாசம்னா இதுதான்."

"அண்ணே, உட்காருங்க. முதலாளி வர்றார்" என்றாள் அக்கா.

முதலாளி, ஹீட்டர் வைத்த தன் அறையிலிருந்து சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தார்.

"என்னய்யா, இந்த மாசம் கரண்ட் பில் எகிறியிருக்கே. புதுப் பெஞ்சுதான் குடிக்குதாமே?"

எல்லோரும் மீட்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெஞ்சுதான் சார்" என்றார் மீட்டர். "டிசைன்ல பெரிய தப்பு நடந்திருக்கு. இப்பதான் கண்டுபிடிச்சேன். இன்னிக்கே சரி பண்ண வெச்சுடறேன்."

"பண்ணாட்டி ஆளை வீட்டுக்கு அனுப்பு. உன்னை மாதிரி பொறுப்பான ஆள் இருக்கறதாலதான்யா நான் நிம்மதியா தூங்கறேன்."

முதலாளி முதுகைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"காட்டிக் கொடுத்தாச்சு" என்றார் நோட்டீஸ் அண்ணன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இனி பேச்சே இல்ல. நோட்டீஸ்தான்."

மீட்டர் அதைக் காதில் வாங்கவில்லை. குனிந்து பெஞ்சுக்குப் பின்னால் கையை விட்டவர், சுட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இங்க வாம்மா. டிசைன் தப்புன்னு சும்மா சொல்லல. சூடு மொத்தமும் வெளியே வர்ற பக்கத்தைக் கொண்டுபோய் சுவரைப் பார்த்து மாட்டியிருக்கே. இந்தப் பக்கம் திருப்பு" என்றார். "குளிர்றது சுவருக்கா?"