பெட்டிக்குள் இருந்த மூக்குக்கண்ணாடி

மேசைமேல் காட்சிப் பெட்டிக்குள் இருப்பது தன்னுடைய மூக்குக்கண்ணாடி என்று காவலாளிக்குத் தெரிந்தபோது, தலைவரின் மகள் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார்.

திருகாணி விழுந்த இடத்தில் மனைவி செப்புக் கம்பியை முறுக்கிக் கொடுத்த அதே கண்ணாடி.

அப்படியானால் மூக்கில் இருப்பது?

தொட்டுப் பார்த்தார். கம்பி இல்லை. தலைவருடையது.

நேற்று தலைவரின் நினைவு இல்லத்துக்கு வார விடுமுறை. பெட்டியைத் திறந்து தலைவரின் கண்ணாடியைத் துடைக்கும்போது வியர்த்தது என்று தன்னுடையதைக் கழற்றி வைத்தார். இரண்டுமே தடித்த கறுப்புச் சட்டம். தலைவரின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கி வாங்கியதாயிற்றே. அபிமானம் தலைக்கேறினால் இந்தக் கதிதான். காலையில் செய்தித்தாள் மங்கலாகத் தெரிந்ததற்கு அச்சகத்துக்காரனை வேறு திட்டித் தீர்த்திருந்தார்.

ஓய்வு பெற இன்னும் நான்கே மாதம். தலைவரின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றியவனை யார் விட்டுவைப்பார்கள்? அதைவிட, இருபத்திரண்டு வருடம் தூசி படாமல் காத்த பொருள். வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாவியை எடுப்பதற்குள் நினைவு இல்ல அதிகாரி மகளை அழைத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். மகள் நாற்பது வருடம் வெளிநாட்டில் இருந்தவர். இந்த அறைக்கு இப்போதுதான் திரும்பி வருகிறார்.

பெட்டியைத் திறக்கும்படி கண்ணைக் காட்டிவிட்டு, அதிகாரி கைபேசியோடு ஜன்னல் பக்கம் ஒதுங்கினார்.

காவலாளி திறந்தார். வேறு வழி?

மகள் கண்ணாடியை எடுத்தார். செப்புக் கம்பியை விரலால் தடவினார். நிமிர்ந்து காவலாளியைப் பார்த்தார். பார்வை மூக்கிலேயே நின்றது.

"அம்மா, தெரியாம மாறிப்போச்சும்மா..."

மகள் அதிகாரியின் முதுகை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பயப்படாதீங்க. அப்பாவோடத அடக்கம் பண்ணின அன்னைக்கே அவர்கூட அனுப்பிட்டோம். மியூசியத்துக்குக் கேட்டு வந்தப்போ, கைக்குக் கிடைச்ச எங்க டிரைவர் கண்ணாடியக் குடுத்தோம். அதத்தான் நீங்க மாட்டியிருக்கீங்க."

கையிலிருந்ததை வெளிச்சத்தில் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண் கலங்கியது.

"இதுதான் அப்பாவோடது மாதிரியே இருக்கு."

அதைப் பெட்டிக்குள் வைத்து, தன் கையாலேயே மூடினார்.