மாயக்காளுக்கு ஒரு சட்டி

“அந்தச் சட்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ, முத்துத்தாயி,” என்றாள் சண்முகவடிவு.

“போக மாட்டேன் மதினி.”

சண்முகவடிவு வீட்டு வாசலில் இருபது பெண்கள் கூடியிருந்தார்கள். அறுபத்தொன்பதாம் வருஷத்துப் பங்குனிப் பொங்கலுக்கு முளைப்பாரி போடுகிற நாள். பெண் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ஒரு சட்டி. கரம்பை மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் நிரப்பி, மொச்சை, தட்டாம்பயறு, பாசிப்பயறு தூவிக் கொண்டுவந்து வாசலில் கொடுத்தால், சண்முகவடிவு வாங்கி உள்ளே இருட்டறையில் வைப்பாள். ஒன்பது நாள் அந்த அறையை வேறு யாரும் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. தண்ணீர் ஊற்றி வளர்ப்பது அவள் பாடு. பத்தாம் நாள், பிள்ளைகள் முளைத்த சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மாரியம்மன் கோவிலுக்குப் போவார்கள்.

எல்லார் சட்டியும் உள்ளே போய்விட்டது. ஒன்று மட்டும் பாக்கி. அதைக் கட்டிப் பிடித்தபடி நின்றாள் முத்துத்தாயின் மகள் மாயக்காள். பன்னிரண்டு வயசு உடம்பு, நாலு வயசுப் புத்தி. புதுப் பாவாடை கட்டி, தலை நிறையப் பூ வைத்துத்தான் அம்மா கூட்டி வந்திருந்தாள்.

“ரெண்டு வருசமா மழையில்ல. இந்தத் தடவை பாரியில ஒரு குறையும் வரக் கூடாது,” என்றாள் அருஞ்சுனை. ஊரில் எந்த வீட்டு விஷயமானாலும் முதல் ஆளாக வாய் வைப்பவள். “இது கை பட்ட சட்டியை உள்ள வச்சா அத்தனையும் கருகிப்போகும்.”

“கருகுனதை நீ பாத்தியாக்கும்?” என்றாள் முத்துத்தாய்.

“பாக்கணுமா? பிள்ளையைப் பாத்தாலே தெரியுதே!”

முத்துத்தாய் அழுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

“அருப்புக்கோட்டைக்கு நடந்து, அங்கயிருந்து பஸ்ஸு ஏறி, இவளை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மருந்து இல்லைன்னுட்டாக டாக்டரம்மா. ஆனா என்னைய உக்கார வச்சு ஒரு மணி நேரம் பேசுனாக. ‘இது நீ செஞ்ச பாவமும் இல்ல, சாபமும் இல்ல. ஒரே வேலையை, தினமும் ஒரே மாதிரி சொல்லிக் குடு. மத்த பிள்ளை பத்து நாள்ல கத்துக்கிறதை இவ பத்து மாசத்துல கத்துக்கிடுவா. ஆனா கத்துக்கிடுவா’ன்னாக. இந்த மண்ணைச் சலிச்சது இவ. பயறு தூவுனது இவ. எட்டு மாசமாப் பழக்கியிருக்கேன்.”

சண்முகவடிவு ஒருமுறை வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

“டாக்டரம்மாவுக்குப் பாரியைப் பத்தி என்ன தெரியும்?” அருஞ்சுனை விடவில்லை. “வடிவு மதினி பதினோரு வருசமா வளக்காக. ஒரு சட்டி சோடை போனதில்ல. இத்தனைக்கும் பெத்த மக படுத்த படுக்கையா உள்ள கிடக்கா. அப்படிப்பட்ட புண்ணியவதி கைராசியைக் கெடுக்க வந்துட்டியே!”

பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சண்முகவடிவின் மகள் தங்கம்மாளை ஊரில் யாரும் பார்த்து வருஷக்கணக்காகிறது. வலிப்பு வந்து கை கால் விழுந்துவிட்டது, எழுந்திருக்கவே மாட்டாள் என்று கேள்வி.

“நீங்களே சொல்லுங்க மதினி,” முத்துத்தாய் நேராகக் கேட்டாள். “மாரியாத்தாளுக்கு இவ வேண்டாத பிள்ளையா? ஆமான்னா இப்பப் போயிர்றேன். ஆனா அடுத்த வருசமும் சட்டியோட வருவேன். அதுக்கு அடுத்த வருசமும் வருவேன். இவளை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்ட மட்டும் மாட்டேன்.”

சண்முகவடிவு படியிறங்கி அவள் பக்கத்தில் வந்தாள்.

“டாக்டரம்மா வேற என்ன சொன்னாக?” என்று மெதுவாகக் கேட்டாள்.

முத்துத்தாய் இதை எதிர்பார்க்கவில்லை.

“பிள்ளையை ஒளிச்சு வச்சா, பெத்தவளும் கூடச் சேர்ந்து உள்ளதான் கிடக்கணும்னாக.”

சண்முகவடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன மதினி யோசனை? சட்டியைத் தூக்கி எறிங்க!” என்று கத்தினாள் அருஞ்சுனை.

சண்முகவடிவு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வீட்டுக்குள் திரும்பிக் குரல் கொடுத்தாள்.

“தங்கம்! வெளிய வாத்தா.”

இருட்டறையிலிருந்து இருபத்தஞ்சு வயசுப் பெண் ஒருத்தி நடந்து வந்தாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். கையெல்லாம் ஈர மண். ஒரு கையில் செம்பு. கூடியிருந்தவர்களை அவள் கவனிக்கவே இல்லை. மாயக்காள் பிடித்திருந்த சட்டியைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தாள்.

“அம்மா, இதுக்கும் காலையில ஒரு செம்பு, பொழுதடைய ஒரு செம்பா?”



“படுத்த படுக்கைன்னு நான் சொன்னது பொய்,” என்றாள் சண்முகவடிவு. “அப்படிச் சொன்னா உச்சுக்கொட்டுவீக. இவளுக்கும் மாயக்காளைப் போலச் சின்னப் பிள்ளைப் புத்திதான்னு உள்ளதைச் சொன்னா, இப்ப முத்துத்தாயியைப் பேசுன பேச்சைத்தானே என்னையும் பேசுவீக?”

மாயக்காளைச் சட்டியோடு சேர்த்து அணைத்துப் படியேற்றி, மகள் பக்கத்தில் நிறுத்தினாள். பிறகு தங்கம்மாளின் ஈரக் கையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினாள்.

“பதினோரு வருசமா உங்க பாரியை வளத்த கை இதுதான். இது பட்டா கருகிப்போகும்ங்கிறவ, இப்பவே உள்ள வந்து அவ சட்டியை எடுத்துட்டுப் போகலாம்!”