அடுத்த கப்பலில் வரும்

"திருடன்யா நீ! கவர்மெண்ட் ஆபீசரையே ஏமாத்திட்டே!"

பன்னீர்செல்வம் போட்ட சத்தத்தில் கடைவீதியே திரும்பிப் பார்த்தது. அவர் எங்கள் ஆபீசின் ஹெட் கிளார்க். நான் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரமாகவில்லை. பி.ஏ. படித்தவன் என்பதால் புகார் மனு எழுத என்னைக் கூட்டி வந்திருந்தார்.

கடைக்காரர் அப்துல் ஜப்பார் எழுந்து நின்றார். ஆபீஸ்காரர்கள் எல்லோரும் அவருக்கு 'பாபு'தான்.

"உக்காருங்க பாபு. சர்பத் சொல்றேன்."

"சர்பத்தை நீயே குடி! தீபாவளிக்கு சாவி கொடுக்கிற பாட்டுப் பெட்டியை என் தலையில கட்டினே. ரிக்கார்டு கேட்டா, அடுத்த கப்பல்ல வரும், அடுத்த கப்பல்ல வரும்னே. எத்தனை கப்பல் வந்து போச்சு? ஒரு புதுப் பாட்டு வந்துச்சா?"

"வரலை பாபு."

"எப்படிய்யா வரும்? இந்தப் பெட்டிக்கான ரிக்கார்டு போடுறதையே நிறுத்திட்டாங்களாம். இனிமே எல்லாம் கரண்டுப் பெட்டிக்குப் போடுற புது ரிக்கார்டுதானாம். போன மாசம் மெட்ராஸ்லேர்ந்து மச்சான் லெட்டர் போட்டிருக்கான்."

பையிலிருந்து ஒரு ரிக்கார்டை எடுத்து மேஜைமேல் போட்டார். அதன்மேல் கோரமாக ஒரு கீறல் சுற்றிச் சுற்றி ஓடியது.

"மச்சான் அனுப்பின புது ரிக்கார்டு. உன் பெட்டியில வெச்சேன். எலி மாதிரி கத்திச்சு. அப்புறம் ஊசி ஏர் ஓட்டுற மாதிரி உழுதுடுச்சு!"

எனக்கும் ரத்தம் கொதித்தது. மெயின்லேண்டில் செத்துப்போன சரக்கையெல்லாம் கப்பலேற்றி எங்கள் தீவில் தள்ளுகிறார்கள். கேட்பாரில்லை என்கிற துணிச்சல்தானே?

"எழுது தம்பி. 'தெரிந்தே விற்றார்'னு எழுது. 'தெரிந்தே'க்குக் கீழே கோடு போடு. இவன் லைசென்ஸ் போகணும்."

எழுதினேன். அழுத்திக் கோடு போட்டேன். விற்றவர் பெயரையும் தகப்பனார் பெயரையும் சரியாகக் கேட்டு எழுத இடம் விட்டுவைத்தேன்.

ஜப்பார் ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார்.

"கம்பெனி லெட்டர் எனக்கே பொங்கல் கப்பல்லதான் வந்துச்சு பாபு. அன்னிக்கே மிச்சமிருந்த மூணு பெட்டியையும் தூக்கி உள்ளே போட்டுட்டேன். உங்ககிட்டச் சொல்லத்தான் நாக்கு எழலை. அது என் தப்புதான்."

உள்ளறையில் சாக்குப் போட்டு மூடியிருந்த மூன்று பெட்டிகளும் தெரிந்தன.

"பழைய பெட்டியைக் கொண்டாங்க. அதுக்குப் பதிலா புதுசா கரண்டுப் பெட்டி தர்றேன். மேல ஒரு பைசா தர வேண்டாம்."

என் பேனா நின்றுவிட்டது. பன்னீர்செல்வத்தின் குரலும் இறங்கியது.

"அந்த ஓட்டைப் பெட்டி உனக்கு எதுக்கு? முதல்ல புதுசைக் கொடு."

"அதை வெளியே விட்டுவைக்கக் கூடாது பாபு. வேற யாராவது வாங்கி, நாளைக்கு உங்களை மாதிரியே வந்து நிப்பாங்க."

"அது... வீட்டுல இருக்கு. அப்புறம் கொடுத்தனுப்பறேன்."

"பாய், ரிக்கார்டு விக்கிற கடை இதுதானே?"

வாசலில் ஒரு பெண். காதில் கம்மல் இல்லை. துளை மூடிவிடாமல் ஈர்க்குச்சி செருகியிருந்தாள். இடுப்பிலிருந்த மூட்டையைக் கவனமாக இறக்கினாள்.

அந்தச் சாம்பல் நிறப் போர்வையை எனக்குத் தெரியும். போன வாரம் ஹெட் கிளார்க் ஹேவ்லாக் தீவுக்கு டூர் போனபோது, அந்த மூட்டையை படகுத்துறைவரை சுமந்தவன் நான்தான்.

"என் பேரு ஜெயமணி. ஹேவ்லாக்ல டீக்கடை வெச்சிருக்கேன். கரண்டு இல்லாத ஊரு. பாட்டு வெச்சா மரம் வெட்டுற ஆளுங்க நாலு பேர் கூட வந்து உக்காருவாங்களேன்னு கம்மலை வித்து இதை வாங்கினேன். கூடக் கொடுத்த ரிக்கார்டு மூணுதான். அதையே போட்டா, 'வேற இல்லையா அக்கா'ங்கறானுங்க. புதுசு வந்திருக்கா பாய்?"

போர்வையை விலக்கினாள். உள்ளே பாட்டுப் பெட்டி.

ஜப்பார் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "யாரும்மா இதை உனக்கு வித்தது?"

பன்னீர்செல்வம் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயமணி எட்டிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"அட, சார் இங்கதான் இருக்காங்களா! சார்தான் கொடுத்தாங்க. புது ரிக்கார்டெல்லாம் அடுத்த கப்பல்லயே வந்துடும்னு சொன்னாங்களே!"

ஜப்பார் உள்ளே போய், விற்காமல் கிடந்த பழைய ரிக்கார்டுகளை அடுக்கோடு தூக்கி வந்து ஜெயமணி முன்னால் வைத்தார்.

"வா தம்பி," என்றார் பன்னீர்செல்வம், என் முகத்தைப் பார்க்காமல். "ஆபீசுக்கு நேரமாச்சு."

நான் எழுந்திருக்கவில்லை. பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சார், 'தெரிந்தே விற்றார்'னு கோடு போட்டே எழுதிட்டேன். பேரு மட்டும்தான் பாக்கி. யார் பேரைப் போடட்டும்?"